பழுது மைக்கில் இல்லை

அரையிறுதி ஆட்டம். பேருந்துப் பணிமனை அணிக்கும் தீயணைப்பு நிலைய அணிக்கும் நேருக்கு நேர் மோதல். பணிமனைக்காரர்களின் ஏழாம் எண் ஆட்டக்காரன் பந்தோடு இடது ஓரமாகப் பறந்துகொண்டிருந்தான். மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் நுனிக்காலில் நின்றது. ஒலிபெருக்கிக்காரி ஒயர் மட்டும் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

அவளுக்கு ஆட்டம் காதில்தான் நடக்கும். படிவரிசைக்குக் கீழே, ஆடும் கால்கள் கொண்ட ஒரு மேசையில் ஆம்ப்ளிஃபயரை வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கோல் விழுந்ததா இல்லையா என்பதை அவளுடைய அண்ணி சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். அந்த அண்ணியை ஊரே வெடி என்றுதான் கூப்பிட்டது. மைக்கைப் பிடித்தால் சரவெடிதான். மூச்சு விடுகிற இடம் எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. பந்து நடுக்கோட்டைத் தாண்டும்போது ஆரம்பித்தால், அது வலைக்குள் போய் விழுந்து, கோல்கீப்பர் தரையில் அடித்துக்கொண்டு, பயிற்சியாளர் தண்ணீர் பாட்டிலை எட்டி உதைக்கிற வரைக்கும் ஒரே மூச்சு. ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் காதை அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மைதானத்துக்கு அனுப்புவார்கள்.

அன்றைக்கு அந்தக் குரல் வழுக்கியது.

"ஏழாம் நம்பரு... எடுத்துட்டு... ஏழ்... அந்த... அவன்..."

ஒயர் ஹெட்போனைக் காதோடு அழுத்தினாள். மூன்று வாரமாக இதே தொல்லை. சொற்களின் முனை மழுங்கி, வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சத்தம். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்கிறீர்கள்? மைக் மேல்.

அவளைப் பற்றி ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் ஏதோ ஒரு ஒயர்தான் காரணம் என்று நம்புகிற பிறவி அவள். பால் திரிந்தால்கூட ப்ளக்கைப் பிடுங்கிப் பார்ப்பாள் என்று அண்ணி கேலி செய்வாள். அந்தப் பெயர் வந்ததும் அப்படித்தான். இந்த மூன்று வாரத்தில் அவள் பார்த்த வேலையைக் கேட்டால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். குரல் மங்குகிறது என்று முதலில் மைக்கை மாற்றினாள். சரியாகவில்லை. கம்பியை மாற்றினாள். அதுவும் சரியாகவில்லை. ஆம்ப்ளிஃபயரைக் குடல் குடலாகப் பிரித்துப் போட்டு, பாதி உறுப்புகளைப் புதிதாகப் பற்றவைத்தாள். அண்ணியின் வலது கையிலிருந்து மைக் இரண்டு தடவை நழுவி விழுந்தபோது, பிடி வழுக்குகிறது என்று சைக்கிள் கைப்பிடியில் சுற்றுகிற டேப்பை வாங்கி வந்து இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள். அண்ணி தலைவலி என்று சொன்னபோது ஸ்பீக்கரை வேறு பக்கம் திருப்பி வைத்தாள். மற்றவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ஒலிபெருக்கிக் கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், குரல் பழுதாகும் என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது. பழுதாவது எப்போதும் கருவிதான்.

இன்னொன்று. மைக்கைச் சோதிப்பதற்கு எல்லாரும் செய்வதுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் சொல்ல மாட்டாள். விரலால் தட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் அவள் குரல் ஸ்பீக்கரில் வந்ததே கிடையாது. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கூட்டம் பொறுமை இழந்தது. "ஏம்மா, மைக்கைச் சரி பண்ணுங்கம்மா" என்று மேலேயிருந்து ஒருவன் கத்தினான். "காசு குடுத்து வந்திருக்கோம்ல" என்று இன்னொருவன். ஆட்டத்தைக் காசு வாங்காமல்தான் காட்டினார்கள், அது வேறு விஷயம். ஒயருக்கு ரோஷம் தலைக்கேறியது. விறுவிறுவென்று படியேறிப் போய், அண்ணியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, தட்டினாள். டொக் டொக் என்று சுத்தமாகக் கேட்டது. மேலே இருந்தவன் மறுபடி கத்தினான். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தே விட்டாள்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு."

நாலு ஸ்பீக்கரிலும் அவள் குரல் கணீரென்று எழுந்து மைதானத்தின் அந்தக் கோடிவரை போயிற்று. ஒரு பிசிறு இல்லை. கூட்டம் கை தட்டியது. ஒயருக்கு அது கேட்கவில்லை. மைக் நன்றாக இருக்கிறது, கம்பி நன்றாக இருக்கிறது, ஆம்ப்ளிஃபயரும் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக அவள் மனதில் உறைத்தது. மிச்சமிருந்தது அண்ணிதான். மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

மூன்று வாரமாகப் பார்க்காததை அப்போதுதான் பார்த்தாள். அண்ணியின் வாய் வலது ஓரத்தில் லேசாகத் தொங்கியிருந்தது. வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல் கிடந்தது.

"அண்ணி, என் பேரைச் சொல்லுங்க."

"ஓ... ஒய்..." அதற்கு மேல் வரவில்லை. அண்ணி மறுபடி முயன்றாள். வராத சொல்லைத் தேடி அவள் கண்கள் இங்குமங்கும் ஓடின. பேச்சையே பிழைப்பாகக் கொண்ட ஒருத்தி தன் நாத்தனாரின் பெயர் கிடைக்காமல் திருதிருவென்று விழித்தாள்.

ஒயர் மைக்கை அப்படியே கீழே போட்டாள். அடுத்து அவள் செய்ததை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. படியிலிருந்து குதித்து, கோட்டைத் தாண்டி, ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மைதானத்துக்குள் ஓடினாள். நடுவர் விசில் ஊதிக்கொண்டே பின்னால் துரத்தினார். அவள் நேரே தீயணைப்பு நிலைய அணியின் கோல்கீப்பரிடம் போய் அவர் சட்டையைப் பிடித்தாள். அவர்தான் அந்த நிலையத்து வண்டியின் டிரைவர். வண்டியும் மைதான வாசலில்தான் நின்றது.

"வண்டி எடுங்கண்ணே. அண்ணிக்குப் பேச்சு வரல."

ஒயரின் வாயிலிருந்து ஒரே சமயத்தில் இவ்வளவு சொற்கள் வந்ததை அவர் அதுவரை கேட்டதில்லை. விஷயம் பெரிசு என்று அதிலிருந்தே புரிந்துகொண்டு, கையுறையைக் கழற்றாமலே ஓடினார். அவர் நகர்ந்த இடத்தில், ஆளில்லாத வலைக்குள் பணிமனையின் ஏழாம் எண் பந்தை உருட்டிவிட்டான். கோல் என்று பாதிக் கூட்டம் கத்தியது. செல்லாது என்று மீதிக் கூட்டம் கத்தியது. அந்தச் சண்டையை அப்படியே விட்டுவிட்டு, சிவப்பு வண்டி மணியடித்துக்கொண்டு கிளம்பியது.

வண்டி போய்ச் சேர்வதற்குள் இந்த இரண்டு பெண்களின் கதையைச் சொல்லிவிடலாம். ஒலிபெருக்கிக் கடை ஒயரின் அண்ணனுடையது. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது. கடைசியில்தான் அவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. மனைவிக்கும் பரிசோதித்தார்கள், அவளுக்கும் இருந்தது. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் கையோடு புத்திமதியும் கொண்டுவந்தார்கள். நீ வயசுப் பொண்ணு, அவளோட உனக்கென்ன ஒட்டு, எங்களோட வந்துடு என்றார்கள் ஒயரிடம். அவள் ஒரு ஸ்பீக்கருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டே இருந்தாள். புகை கண்ணில் பட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். பிறகு பெண் கேட்டு வந்தவர்களிடம், வந்தால் அண்ணியும் கூட வருவாள் என்று சொன்னாள். அவர்களும் போனார்கள். ஒயர் அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அண்ணி மருந்து ஆரம்பித்தாள். இரவுக்கு ஒரு மாத்திரை. ஒரே வருஷத்தில் கன்னம் உப்பி, குரல் ஓங்கி, ஆளே மாறிவிட்டாள். ஒரு நாள் வழக்கமான அறிவிப்பாளர் வராமல் போக, மைக்கைச் சும்மா பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்தவள் பிறகு விடவே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆட்டம் ஆட்டமாகக் கத்தியதில் நெஞ்செரிச்சலும் தொண்டை எரிச்சலும் வந்தன. அதற்கு மருந்துக் கடையில் சுண்ணாம்பு வாசமடிக்கிற, புதினா போட்ட சப்பும் மாத்திரை டப்பாவில் கிடைத்தது. அண்ணி அதை மிட்டாய் மாதிரி சப்பினாள். ஒயர் ஒழுங்கின் அவதாரம் அல்லவா, எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை வைத்தாள். இரவு படுக்கப் போகும்போது ஒரு சின்னத் தட்டில் எச்.ஐ.வி. மாத்திரை, பக்கத்திலேயே இரண்டு சுண்ணாம்பு மாத்திரை. மறக்காமல் இருக்க இரண்டும் ஒன்றாக. ஒரு நாள் தவறியதில்லை. வருஷாந்திர ரத்தப் பரிசோதனைதான் இரண்டு தடவை தவறியது. இரண்டு தடவையும் போட்டி நடக்கிற நாளாகப் போய்விட்டது. "நல்லாத்தான இருக்கேன், அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றாள் அண்ணி. சரி என்றாள் ஒயர்.

மருத்துவமனையில் அன்று மாலையே தலையைப் படம் எடுத்தார்கள். ரத்தமும் எடுத்தார்கள். மறுநாள் காலையில் டாக்டரம்மா ஒயரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"உள்ள மூணு வீக்கம் இருக்கும்மா. ஒண்ணு பேச்சு வர்ற இடத்துலயே உக்காந்திருக்கு. எதிர்ப்புச் சக்தி ரொம்ப இறங்கியிருக்கு. இந்த நிலைமையில இப்படி வர்றதுக்கு ரெண்டு காரணத்தை முக்கியமா யோசிப்போம். ஒண்ணு, ஒட்டுண்ணி."

"பூச்சியா டாக்டர்?"

"கண்ணுக்கே தெரியாத பூச்சி. சரியா வேகாத கறியில இருந்தோ, பூனை அசிங்கம் பண்ணின மண்ணுல இருந்தோ என்னைக்கோ உள்ள வந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும்கூட இருக்கலாம். நமக்கு உடம்புல காவல் இருக்கு, அதனால தூங்கிட்டே கிடக்கும். காவல் போச்சுன்னா எந்திரிச்சுரும்."

"இன்னொண்ணு?"

"புற்றுநோய்க் கட்டி."

ஒயர் முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் தொடர்ந்தார். "படத்துல பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ரத்தத்துல பார்த்தது ஒட்டுண்ணி பக்கம்தான் கை காட்டுது, ஆனா அதை மட்டும் நம்ப முடியாது. அதனால ஒட்டுண்ணின்னே வச்சுக்கிட்டு மருந்து குடுக்கப் போறோம். ரெண்டு வாரத்துல பேச்சும் கையும் திரும்பி, படத்துலயும் வீக்கம் சுருங்கியிருந்தா, அதுதான். மருந்தாலேயே சரியாக்கிடலாம். இல்லேன்னா மண்டையில துளை போட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கணும்."

"பேச்சு வர்ற இடத்துலயா?"

"அங்கதான் பெரிய வீக்கம். பேச்சு முழுசா மிஞ்சும்னு அப்ப என்னால உறுதி சொல்ல முடியாது."

பெட்டியைத் திறக்காமல் பழுதைக் கண்டுபிடிக்கிற வேலை ஒயருக்குப் புரியும். ஃப்யூஸை மாற்று, பாட்டு வந்தால் பழுது அதில்தான். பாட்டு வராவிட்டால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஆனால் இந்தப் பெட்டியைத் திறந்தால் மூடினாலும் பாட்டு வராமல் போகலாம். 

"இவ்வளவு வருஷம் மாத்திரை ஒழுங்கா போட்டிருக்காங்கங்கிறீங்க, அப்புறம் எப்படி இறங்குச்சு?" என்று டாக்டர் தனக்குத்தானே கேட்பதுபோல் கேட்டார். "வேற ஏதாவது மாத்திரை போடுறாங்களா?"

"எதுவும் இல்லை டாக்டர்." சொல்லிவிட்டு ஒயர் யோசித்தாள். பையைத் துழாவி அந்த டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். "இது மாத்திரைல சேர்த்தியான்னு தெரியல. தொண்டைக்குச் சப்புவாங்க."

டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார். "இதை எப்பத் தருவீங்க?"

"ராத்திரி. அந்த மாத்திரையோடவே. மறக்காம இருக்க ரெண்டும் ஒண்ணா வச்சுக் குடுப்பேன்."

டாக்டர் டப்பாவை மேசையில் வைத்தார். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். "ரெண்டும் வயித்துல ஒண்ணா போச்சுன்னா, இந்தச் சுண்ணாம்பு அந்த மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும்மா. ரத்தத்துல சேர வேண்டியது சரியா சேராம வெளிய போயிடும். சில மணி நேரம் தள்ளித் தரணும். இதை நாங்களும் கேட்டிருக்கணும், ரத்தப் பரிசோதனை தவறினப்ப கூப்பிட்டும் இருக்கணும். உங்க மேல மட்டும் பழி இல்ல."

கடைசி வாக்கியம் ஒயர் காதில் ஏறவே இல்லை. சின்னத் தட்டு மட்டும் கண் முன்னால் நின்றது. அத்தனை இரவுகள், அவ்வளவு அக்கறையாக, தன் கையாலேயே அண்ணியின் மருந்தைக் கெடுத்துக் கொடுத்திருக்கிறாள். கொதிக்கிற எண்ணெயைத் தலையில் ஊற்றியதுபோல் இருந்தது. அண்ணியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று வார்டு வாசல்வரை போனாள். இடது கையால் தட்டுத்தடுமாறித் தண்ணீர் குடிக்கிற அண்ணியைப் பார்த்ததும் சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டாள். பேச்சு திரும்பட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். திருப்பித் திட்டக்கூட வாயில்லாதவளிடம் போய் எதைச் சொல்வது?

பெரிய பெரிய வெள்ளை மாத்திரைகள் ஆரம்பமாயின. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார்கள். ஒயர் பானையும் கையுமாக நின்றாள். அண்ணி முறைப்பாள், ஒயர் நீட்டுவாள், அண்ணி குடிப்பாள். அண்ணியைச் சோதித்துப் பார்க்க டாக்டர் ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார். சிரிக்கச் சொல்ல வேண்டும், வாய் கோணுகிறதா என்று பார்க்கலாம். இரண்டு கையையும் தூக்கச் சொல்ல வேண்டும், ஒன்று இறங்குகிறதா என்று பார்க்கலாம். ஒரு பெயரைச் சொல்லச் சொல்ல வேண்டும். ஒயர் இதைக் காலையில் ஒரு தடவை செய்திருந்தால் போதும். அவளோ கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நேரம் காலம் இல்லாமல் சோதித்தாள். அண்ணி தூக்கத்தில் புரண்டால்கூட "சிரிங்க" என்பாள். பக்கத்துப் படுக்கைக்காரி இவளைப் பார்த்தாலே கையைத் தூக்க ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் எந்த மாற்றமும் இல்லை. ஒயர் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தாள், வாய்க்குப் போகவில்லை. எப்போதும் ஆம்ப்ளிஃபயர் மேசைக்கு அடியில் படுத்திருக்கும் மைதானத்துப் பூனையை நினைத்து ஒரு பாட்டம் கறுவினாள். டாக்டரிடம் கேட்டதற்கு, பூனையைத் துரத்த வேண்டாம், அது அசிங்கம் பண்ணுகிற இடத்தில் அண்ணி கை வைக்காமல் இருந்தால் போதும், கறியை நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் போதும் என்றார். ஒயருக்குப் பூனைமேலிருந்த கோபத்தையும் மூட்டை கட்டி வைக்க வேண்டியதாயிற்று.

பிறகு மற்றொரு அரையிறுதி வந்தது. துறைமுக அணியும் மில் அணியும் ஆடின. அண்ணிக்குப் பதில் மைக்கைப் பிடித்தவர் ஓய்வுபெற்ற பதிவாளர். தீயணைப்பு நிலையத்துக் கோல்கீப்பர் ஆட்டத்தை மைதானத்திலிருந்து போனில் கேட்கவைத்தார். ஒயர் போனை அண்ணியின் தலையணையில் வைத்தாள். பதிவாளரின் குரல் வந்தது. "ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் தற்போது பந்தை உதைக்கிறார். பந்து செல்கிறது. பந்து கோலுக்குள் சென்றுவிட்டது. நன்றி." 

அண்ணியின் முகம் சிவந்தது. வாய் கோணியது, நேரானது, மறுபடி கோணியது. வலது கை போர்வைக்கு மேல் தூக்கிவாரிப் போட்டதுபோல் எழுந்தது.

"தூ... தூங்கு... தூங்குறான்."

ஒயர் பானையைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னீங்க?"

"தூங்குறான்டி. கோ... கோலுக்கு... நன்றியாம்."

ஒயர் வார்டு முழுக்க ஓடினாள். நர்ஸிடம் சொன்னாள், துடைப்பக்காரம்மாவிடம் சொன்னாள், யாருக்கோ பழம் கொண்டுவந்த முன்பின் தெரியாத ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அன்று முதல் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனால் இடையில் ஓட்டைகள் இருந்தன. இரண்டு சொல் வரும், மூன்றாவதைத் தேடி நிற்பாள். கை ஸ்பூனைப் பிடித்தது, பொத்தானைப் போட முடியவில்லை. டாக்டர் நல்லா வருது என்றார், கூடவே, படத்தைப் பார்க்காம முடிவு சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். மண்டையைத் துளைக்கிற டாக்டரிடமும் ஒரு நாளைக் கேட்டு வைத்திருந்தார்கள்.

படம் எடுக்கிற காலை வந்தது. அறைக்கு வெளியே நீள பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். வரிசையில் இன்னும் ஆறேழு பேர். ஒயரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. உள்ளே போய் வந்தபின் என்ன முடிவாகுமோ, மண்டையைத் திறப்பார்களோ, பிறகு அண்ணிக்குத் தான் சொல்வது புரியுமோ புரியாதோ. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது.

"அண்ணி, உங்களுக்கு இப்படி ஆனது என்னாலதான்."

அண்ணி திரும்பிப் பார்த்தாள்.

ஒயர் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். தட்டு, மாத்திரை, சுண்ணாம்பு, டாக்டர் சொன்னது. தலையைக் குனிந்துகொண்டு தரையிடம் சொன்னாள். "நான்தான் அதை ஒண்ணா வச்சுக் குடுத்தேன். நான்தான் கெடுத்தேன். மூணு வாரம் மைக்கைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன், உங்க முகத்தை ஒரு தடவை பார்க்கல."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மூச்சை இழுத்தாள். அந்த மூச்சை ஒயருக்குத் தெரியும். பந்து நடுக்கோட்டைத் தாண்டும்போது இழுக்கிற மூச்சு.

"அடிப்பாவி, ஒன்பது வருஷமா ஒரு நாள் தப்பாம, மழையோ காய்ச்சலோ கரண்ட் இல்லையோ, தட்டுல வச்சு நீட்டினது நீதான்னா அதைக் கண்ணை மூடிக்கிட்டு முழுங்கினது யாருடி, நான்தான, அந்தச் சுண்ணாம்பை டப்பா டப்பாவா வாங்கிட்டு வந்தது யாரு, நான்தான, நீ ரெண்டு வச்சா உனக்குத் தெரியாம இன்னும் மூணு எடுத்துச் சப்பினது யாரு, ரத்தம் குடுக்க வான்னு கூப்பிட்டப்ப இன்னைக்குக் காலிறுதி நாளைக்கு அரையிறுதின்னு டிமிக்கி குடுத்தது யாரு, எல்லாத்தையும் விட்டுட்டு நீ பாட்டுக்கு மொத்தப் பழியையும் தூக்கித் தலையில வச்சுக்கிட்டு சோறு தண்ணி இல்லாம மூஞ்சியைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்க, டாக்டர் உன்கிட்ட என் கதை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாரோன்னு எனக்கு இங்க ஈரக்குலை நடுங்குது, இதுல மைக்குல சைக்கிள் டேப்பு வேற, கை விழுந்துபோச்சுடி எனக்கு, டேப்பு சுத்தினா கை எந்திரிக்குமா, தலைவலின்னு சொன்னா ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கிறா, இவளை நம்பித்தான்டி நான் தலையைக் குடுத்திருக்கேன், உன்னைச் சொல்லிக் குத்தமில்ல, நீ போனா போறான்னு விடாம என்கூடவே ஒட்டிக்கிட்டு நின்ன பாரு, அதைச் சொல்லணும்..."

பெஞ்சில் இருந்தவர்கள் வாய் பிளந்து கேட்டார்கள். ஒயர் சொற்களைக் கேட்கவில்லை, சத்தத்தை மட்டும் கேட்டாள். தலையில் இல்லாத ஹெட்போனை அழுத்துவதுபோல் இரண்டு கையாலும் காதைப் பொத்தி, கண்ணை மூடியிருந்தாள். ஓட்டை இல்லை. முனை மழுங்கவில்லை. மூச்சு விடுகிற இடமே இல்லை. சத்தம் சுத்தமாக இருந்தது. கன்னத்தில் கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்துகொண்டு பணியாளர் எட்டிப் பார்த்தார். "அம்மா, உள்ள படம் எடுத்துட்டிருக்கோம். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க."

"மெதுவாப் பேசச் சொல்றாங்க அண்ணி" என்றாள் ஒயர். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணிக்கும் அப்போதுதான் தான் என்ன செய்தோம் என்று உறைத்தது. தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தாள். "இன்னொரு தடவை திட்டுங்க" என்று ஒயர் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

வீக்கங்கள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தன. ஒட்டுண்ணிதான் என்று அன்று மாலை டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். துளையும் வேண்டாம், துணுக்கும் வேண்டாம். வெள்ளை மாத்திரையை இன்னும் சில வாரம் இதே அளவில், பிறகு காவல் திரும்புகிறவரை குறைந்த அளவில் தொடர வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரை வழக்கம்போல இரவில். நெஞ்செரிச்சலுக்குச் சுண்ணாம்பு சேராத வேறு மருந்து எழுதித் தந்தார். இனி எந்தப் போட்டி நடந்தாலும் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்று இருவரையும் பார்த்து விரலை ஆட்டினார். ஒயர் சின்னத் தட்டைக் கடை அலமாரியின் அடித்தட்டில் போட்டு, அதில் திருகாணிகளை வைத்துக்கொண்டாள்.

அந்த ஆளில்லாக் கோல் செல்லுமா செல்லாதா என்ற சண்டை தீராததால், அரையிறுதியை மறுபடி ஆடுவது என்று முடிவாயிற்று. எப்போது என்று கேட்டபோது இரண்டு அணியும் ஒரே பதிலைச் சொன்னார்கள். வெடி வந்தபிறகு. பதிவாளர் தானே ஒதுங்கிக்கொண்டார், அவருக்கும் அதில் நிம்மதிதான்.

அந்த மாலை மைதானத்தில் எள் போட்டால் எள் விழாது. படிகள் நிரம்பி, சுவர் மேலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி படியேறி வந்ததும் எழுந்த ஆரவாரத்தில் பூனை மேசைக்கு அடியிலிருந்து பாய்ந்து ஓடியது. நடுவர் விசிலை வாயில் வைத்தார். அண்ணி வலது கையால் மைக்கைப் பிடித்தாள், மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள்.

சத்தம் வரவில்லை. நாலு ஸ்பீக்கரும் ஊமையாக நின்றன.

கூட்டம் சட்டென்று அடங்கியது. ஒயர் ஹெட்போனைக் கழற்றி எறிந்தாள். ஆம்ப்ளிஃபயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மைக்கைத் தொடவில்லை, கம்பியைத் தொடவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, அண்ணியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"அண்ணி, சிரிங்க. கையைத் தூக்குங்க. என் பேரைச் சொல்லுங்க."

அண்ணி சிரித்தாள். வாய் கோணவில்லை. இரண்டு கையையும் தூக்கினாள், ஒன்றும் இறங்கவில்லை.

"ஒயரு" என்றாள். "பூனை ப்ளக்கைப் பிடுங்கிட்டுப் போயிருக்கு. போய் மாட்டுடி."